வெ. செண்பகவல்லி

ஜூன் 12, புதன்

இந்த நோட்டை எழுத வேண்டும் என்று நான் தவம் கிடக்கவில்லை. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து நேற்று நான் வேலை செய்கிற பிரஸ்ஸுக்கு வந்த அருள்செல்வி மேடம் உத்தரவு.

"புள்ள என்ன சாப்பிட்டா, எப்பப் படிச்சா, நீங்க என்ன செஞ்சீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. குழு படிச்சுப் பாத்துதான் முடிவு பண்ணும்" என்றார். பையிலிருந்து ஒரு நோட்டையும் எடுத்து நீட்டினார். சிவகாசியில், ஒரு பைண்டருக்கு, நோட்டு! திருநெல்வேலிக்கே அல்வா. வேண்டாம் என்று சொல்லி, கழிவுத் தாளில் நானே மடித்து, நடுவில் தைத்து, மேலே காலிக்கோ துணி ஒட்டி இன்று காலை கொண்டுபோய்க் காட்டினேன். முதல் பக்கத்தின் தலையில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுத வேண்டுமாம். சொந்த ஊர், உறவுக்காரர்கள், இதற்கு முன் எங்கெங்கே இருந்தேன், தொழில் எங்கே படித்தேன்.

முதல் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தாளிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வெயிலுமுத்து. வயது ஐம்பத்து நாலு. டைரியும் காலண்டரும் போடுகிற பிரஸ்ஸில் பைண்டர். முப்பது வருஷமாகத் தைக்கிறேன். சிவகாசிக்கு வந்து பத்தொன்பது வருஷம். மகள் செண்பகவல்லி, வயது பதினொன்று, ஆறாம் வகுப்பு. நான் பெறவில்லை. மற்றபடி மகள்தான்.

ஜூன் 13, வியாழன்

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். எப்போதும் அந்த நேரம்தான், அலாரம் வேண்டாம். வல்லிக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மூன்றரை சாப்பிட்டாள். மிச்ச அரையை நான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், குழுவுக்குக் கணக்கு உதைக்கக் கூடாதே.

இந்த வம்பு எப்படி வந்தது என்று எழுதினால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும். பத்து நாளைக்கு முன்பு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். பழைய பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் 'மா. செண்பகவல்லி' என்று இருந்தது. மா என்றால் மாடத்தி, அவளைப் பெற்றவள். காப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்.

"வெயிலுமுத்துங்கறது யாரு?" என்று கிளார்க் கேட்டார்.

காப்பாளர் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். "அப்பா" என்றேன். "இனிஷியல 'வெ'ன்னு மாத்திப் போடுங்க" என்றும் சொன்னேன். தத்தெடுத்த பத்திரம் கேட்டார். இல்லை. கோர்ட் உத்தரவு கேட்டார். இல்லை. தலைமையாசிரியை குழுவுக்கு எழுதிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது போலிருக்கிறது. ஆனாலும் மறுபடி கேட்டால் மறுபடியும் அப்பா என்றுதான் சொல்வேன்.

இப்போது வருகைப் பதிவேட்டில் வெறும் 'செண்பகவல்லி'. நாற்பத்தாறு பிள்ளைகளில் இனிஷியல் இல்லாதவள் இவள் ஒருத்திதான்.

"மொட்டையா இருக்குப்பா" என்றாள்.

ஜூன் 15, சனி

அருள்செல்வி மேடம் வீட்டைப் பார்க்க வந்தார். ஒரே அறை, ஒரு அடுப்படி. சுற்றிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அவர் அரை மணி நேரம் பார்த்தார்.

"பாப்பா எங்க படுக்கும்?"

"எதுத்த வீட்ல. தங்கமாரி வீட்ல. எட்டு வயசுலேர்ந்து அங்கதான்."

தங்கமாரி எங்கள் பிரஸ்ஸில் தாள் மடிக்கிறவர். கணவர் இல்லை, ஒரு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். பெண் பிள்ளை வளர்கிறாள் என்பது எனக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்தது. மேடத்துக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அப்படி நினைத்தது தப்பு என்றும் தோன்றியது. அவர் வேலை அது.

"கதவுல தாழ்ப்பாளே இல்லையே, ஏன்?"

"எனக்குப் பூட்டுன கதவு ஆகாது. களவு போறதுக்கு உள்ள என்ன இருக்கு?"

"தொழில் எங்க கத்துக்கிட்டீங்க?"

"வெளியூர்ல. பெரிய கூடம். பதினோரு வருசம் இருந்தேன்."

"லீவுக்கு ஊருக்குப் போவீங்களா?"

"லீவெல்லாம் குடுக்க மாட்டாக."

முதல் பக்கத்தைச் சீக்கிரம் நிரப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 16, ஞாயிறு

கோழிக் குழம்பு. வல்லி மூன்று துண்டு. வேறொன்றும் இல்லை.

ஜூன் 22, சனி

எப்படி என்னிடம் வந்தாள் என்று எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

மாடத்தி எங்கள் வரிசை வீட்டில் கடைசி வீடு. பட்டாசு ஆலையில் திரி சொருகுகிற வேலை. கட்டியவன் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான், பிள்ளை முகத்தைப் பார்த்ததில்லை. வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பிரஸ் வாசலில் விட்டுப் போவாள். கட்டிங் மெஷினிலிருந்து விழுகிற கலர் கலரான தாள் துண்டுகளில் குழந்தை நாளெல்லாம் விளையாடும். அண்ணாச்சி, எங்கள் முதலாளி, கண்டுகொள்ள மாட்டார்.

அன்றைக்கு மத்தியானம் சத்தம் கேட்டது. இந்த ஊரில் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று பார்ப்பார்கள். தங்கமாரி திசையைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். அது தாள் குவியலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நாலரை வயது.

ஆறு மணிக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரத்தில் யாராவது சொந்தம் வரும் என்றார்கள். ஆறரை வருஷம் ஆகிவிட்டது.

மாமா என்று கூப்பிடத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டாள். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில், எல்லோருக்கும் முன்னால், "அப்பா, நம்ம சாக்கு எங்க?" என்றாள். அவள்தான் முதலில் சொன்னாள். நான் கேட்டு வாங்கவில்லை. அன்று சாக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

வல்லிக்குப் பேன். தங்கமாரி உட்கார்ந்து ஈர்கோலி போட்டார். வல்லி போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. குழு வேண்டுமானால் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன பிறகு தங்கமாரி மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, புள்ளயக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் பக்கம் போயிருங்க. அங்க யாரு வந்து கேக்கப் போறா? இங்க இருந்தா இல்லத்துல கொண்டுபோய்ச் சேத்துருவாக."

"நான் என்ன தப்புப் பண்ணினேன் ஓடுறதுக்கு?"

தங்கமாரி சீப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 4, வியாழன்

முதல் விசாரணை. அரை நாள் சம்பளம் போனது போகட்டும். பெயரைக் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். வல்லி இடுப்பில் இடித்து, "நாற்காலி இருக்குப்பா" என்றாள்.

தலைவர் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. சத்தம் போடுகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை, இப்படிப்பட்டவர்களிடம்தான்.

"நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க, மறுக்கல. ஆனா தனி ஆம்பள. ரத்த உறவு இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான பதில் சொல்லணும்?"

"ஒண்ணுன்னா என்னம்மா? ஆறரை வருசத்துல அவளுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு, கை ஒடிஞ்சுச்சு, ரெண்டு தடவ அம்மை போட்டுச்சு. அப்பல்லாம் பதில் சொன்னது நான்தான்."

வாய்க்கொழுப்புதான். அருள்செல்வி மேடம் கண்ணால் அடக்கினார்.

வல்லியின் காகிதங்கள் இருந்த ஃபைலில் நாடா அறுந்து தாளெல்லாம் தொங்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கேட்டு வாங்கி, முடிச்சை அவிழ்த்து, மறுபடி கோர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அந்த அட்டையைக் கையில் வாங்கியதுமே அது எந்தக் கூடத்தில் செய்தது என்று தெரிந்துவிட்டது. துளைக்குப் பின்னால் துணி ஒட்டுகிற முறை அங்கே மட்டும்தான் உண்டு. தலைவர் அம்மா முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னைப் பற்றி அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். ஆகஸ்ட் 2 அடுத்த வாய்தா. அன்று நோட்டு முதல் பக்கத்தோடு வர வேண்டும். அன்றுதான் முடிவு. என்னிடமா, இல்லத்திலா.

பஸ்ஸில் வல்லிக்குச் சாத்தூர் காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன், அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஜூலை 8, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வல்லியும் பள்ளிக்கூடம் போகவில்லை. பெரிய பையோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தோம். எதற்கென்று எழுத மாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். கண்டக்டர் வருவதற்குள் வல்லி கேட்டாள்: "அங்க என் பேருக்கு முன்னாடி என்னப்பா போடுவாக?" பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஊர் மாறினால் ஒரு பொய்ப் பெயர் வேண்டும், எனக்கும் அவளுக்கும். அவள் கேட்டது நிஜப் பெயரை.

ஓட மாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை 13, சனி

வேலை நெருக்குகிறது. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோர்த்த ஆல்பம் வெளியாக வேண்டும். கை விரலெல்லாம் பசை. வல்லி கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மிச்ச ஒன்பது எங்கே போனது என்று கேட்டேன், முறைத்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

முதல் பக்கத்தை நிரப்பிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

நேற்று என்ன பிசாசு பிடித்ததோ தெரியவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன். காலையில் எழுந்து படித்துப் பார்த்தேன். இதை நானே கொண்டுபோய்க் கொடுப்பதும் வல்லியை நானே இல்லத்தில் விடுவதும் ஒன்றுதான்.

கிழித்துவிட வேண்டியதுதான் என்று கத்தியை எடுத்தேன். முத்திரை உள்ள தாள் கிழிந்துபோனது, தண்ணீர் பட்டுவிட்டது, ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

நடுவில் தைத்த நோட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே தாள். இது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். முன்னால் ஒன்றைக் கிழித்தால் பின்னால் ஒன்று கழன்று விழும். விழுந்தால் என்ன, கடைசியில் வெற்றுத் தாள்தானே என்று நோட்டைத் திருப்பினேன்.

வெற்றுத் தாள் இல்லை. பிள்ளைகளுக்கு எந்த நோட்டைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கம் அவர்கள் சொத்து. எப்போது எடுத்தாளோ, பக்கம் முழுக்கப் பேனாவில் எழுதியிருந்தாள். வெ. செண்பகவல்லி. வெ. செண்பகவல்லி. சாய்த்து, நேராக, கடைசி எழுத்துக்கு வால் வைத்து, அடியில் கோடு போட்டு. எண்ணினேன். அறுபத்து மூன்று கையெழுத்து.

அந்தத் தாளை ஒட்டுத்துண்டு வைத்து நிறுத்த எனக்குத் தெரியாதா? முப்பது வருஷத் தொழில். ஒட்டு இருக்கிற இடத்தை எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. பசைகூடக் கலக்கிவிட்டேன். ஆனால் அவள் எழுதிய அந்த 'வெ' நான்தான். என்னை வெட்டி எடுத்துவிட்டு அவள் பெயரை மட்டும் பசை போட்டு நிறுத்துவதா? அழுகை வந்துவிட்டது. பசை காய்ந்து வீணாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே எத்தனை பக்கம் எழுதுவது? முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இங்கேயும் எழுதுகிறேன்.

இருபத்து நாலு வயதில் என் பெரியப்பா மகன் சங்கரபாண்டியைக் கொன்றேன். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை. மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. கொல்ல நினைக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அவன் செத்ததும் உண்மை. அவனுக்குப் பிறந்து நாற்பது நாள் ஆன ஒரு பெண் குழந்தை இருந்தது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

ஆயுள் தண்டனை. பதினோரு வருஷம் கழித்து, ஒரு தலைவர் பிறந்தநாளை ஒட்டி நன்னடத்தையில் விட்டார்கள். பைண்டிங் கற்ற பெரிய கூடம் ஜெயில் கூடம். சர்க்கார் ஆபீஸ்களுக்குப் போகிற ஃபைல் அட்டை செய்வோம். அம்மா, உங்கள் மேஜையில் வல்லியின் காகிதங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது அங்கே செய்த அட்டைதான்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். பதினோரு வருஷம் குடித்துவிட்டேன். இன்னும் எத்தனை குடம் என்று சொல்லுங்கள், குடிக்கிறேன். வல்லியை அதில் சேர்க்காதீர்கள். அவள் உப்புத் தின்னவில்லை.

ஜூலை 20, சனி

தங்கமாரியிடம் சொன்னேன். தாள் மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"சாப்பிடறப்ப தட்ட யாரும் புடுங்கிருவாகளோன்னு கை வச்சு மறச்சுக்கிட்டுத் திங்கிற ஆளு எங்கேருந்து வந்திருப்பாகன்னு எனக்குத் தெரியாதாக்கும்? என் கூடப் பொறந்தவனும் உள்ள போய் வந்தவன்தான்."

"தெரிஞ்சுமா புள்ளய உங்க வீட்ல படுக்க வச்சீக?"

"தெரிஞ்சதுனாலதான் மொதல்ல வச்சேன். அப்புறம் நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அவ எனக்கும் புள்ளயாயிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கத்தக் கிழிச்சுருங்கண்ணே" என்றார்.

மாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வல்லியின் சீருடையைத் தேய்த்து வைத்தேன். ரசம், அப்பளம். நன்றாகச் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டேனா என்பதைக் குழு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தங்கமாரியும் கூட வந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டை மேஜையில் வைத்தேன்.

தலைவர் அம்மா முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பாப்பா, நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

"நான் இருக்கேன் மேடம்."

"பெரியவங்க பேசணும்."

"எங்கப்பா ஜெயில்ல இருந்தாக. அதான மேடம்? எனக்குத் தெரியும்."

அவள் பக்கம் திரும்பினேன். "யாரு தாயி சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு ஒன்னப் பாத்துக் கும்பிட்டு ஏதோ நம்பரச் சொல்லிக் கூப்பிட்டாருல்ல, நான் மூணாப்பு படிக்கையில? பழைய டோக்கன் நம்பருன்னு நீ சொன்ன. டோக்கன் நம்பருக்கு எதுக்குப்பா என்ன இழுத்துக்கிட்டு வேகமா நடந்த? தங்கமாரி அத்தகிட்டக் கேட்டேன். சொல்லிட்டாக."

தங்கமாரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வல்லிக்குத் தெரியும் என்று மூன்று வருஷமாக இரண்டு பேரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நான் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன், அவர்கள்தான் என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

தலைவர் அம்மா ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். போலீஸ் அறிக்கை. 'மேற்படி நபர் மீது இந்நிலையத்தில் வழக்கு ஏதும் இல்லை.' முப்பது வருஷத்துக்கு முந்திய வேறு ஊர் வழக்கு இவர்களுக்கு எங்கே தெரியும்?

"நீங்க எழுதலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. எதுக்கு எழுதினீங்க?"

"கடைசிப் பக்கத்தப் பாருங்கம்மா. முன்னால உள்ளதக் கிழிச்சா அது விழுந்துரும்."

அவர் திருப்பினார். அறுபத்து மூன்று கையெழுத்தையும் வரிசையாகப் பார்த்தார். பக்கத்து நாற்காலி உறுப்பினர் எட்டிப் பார்த்து, "கொலைக் கைதிகிட்ட எப்படி மேடம் பொம்பளப் பிள்ளைய..." என்று தொடங்கினார்.

எழுந்துவிட்டேன். "ஆமா சார், கொலைக் கைதிதான். ஒரு புள்ளைக்கு அப்பா இல்லாம ஆக்கினவன். அது என்னன்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது. இன்னொரு புள்ளைக்கு அதச் செய்ய மாட்டேன். நீங்க செஞ்சா விட மாட்டேன். கோர்ட்டுக்குப் போவேன், மெட்ராசுக்குப் போவேன். கெஞ்சறதுக்கு வரல, சொல்லிட்டுப் போக வந்தேன்."

என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். தலைவர் அம்மா அந்த உறுப்பினரிடமும் அருள்செல்வி மேடத்திடமும் வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். வல்லி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுதினார். இப்போதைக்குத் தகுதியான நபர் என்ற பேரில் பிள்ளை என்னிடமே இருக்கலாம். இரவில் தங்கமாரி வீடு. மேடம் மாதம் ஒரு தடவை வருவார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கோர்ட் மூலம் தத்தெடுக்க வழி உண்டா என்று இலவச வக்கீலிடம் கேட்கச் சொன்னார். "உத்தரவாதம் எதுவும் நான் குடுக்கல" என்றும் சொன்னார். குடுக்க வேண்டாம். பிள்ளையைக் கொடுத்தால் போதும்.

வெளியே வரும்போது குழு ஆபீஸ் கிளார்க் பதிவேட்டை நீட்டி வல்லியைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெ. செண்பகவல்லி என்று போட்டு அடியில் கோடும் இழுத்தாள்.

"இனிஷியல் இன்னும் முடிவாகலயேம்மா" என்றார் கிளார்க்.

"எனக்கு முடிவாயிருச்சு" என்று பேனாவை மூடிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஆல்பம் வெளியாகிவிட்டது. அண்ணாச்சி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். வல்லி இரண்டு சாப்பிட்டாள், நானும் இரண்டு.

அடுத்த மூன்று மாதத்துக்குப் புது நோட்டுத் தைத்துவிட்டேன். முதல் பக்கத்தை வல்லி எடுத்துக்கொண்டாள், கடைசிப் பக்கத்தை எனக்கு விட்டிருக்கிறாள்.

நவம்பர் நாலாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவோம். இரண்டு பேரும் போவோம். இரண்டு பேரும் திரும்பி வருவோம்.